மாற்றமில்லை, காலம் நீட்டிக்கப்பட்டது

1987 மார்ச் 30, திங்கள்

காலையிலேயே வெயில். ஆபீஸ் ஃபேன் சுற்றுகிறது, காற்றுதான் வரவில்லை.

புதன்கிழமை அட்டை நாள். வாங்க வேண்டியவை: கெட்டி அட்டை எண்பது, அரக்கு, நூல், நீல மை, துணி உறை மூன்று. லட்டு, மிக்சர். (போன வருஷ லட்டு கல். கடையை மாற்றவும்.)

புதிதாக வந்திருக்கும் அட்டெண்டர் முனியம்மா கேட்டாள்: "இத்தனை அட்டை என்னாத்துக்குங்க மேடம்? கல்யாணப் பத்திரிக்கையா?" உட்கார வைத்துச் சொன்னேன். நம் கம்பெனியில் பழத்தை எடு, டின்னை இறக்கு, லாரியை விடு என்று சீட்டு எழுதும் அதிகாரம் பத்தொன்பது பேருக்குத்தான். வருஷா வருஷம் அவர்கள் ஆளுக்கு நாலு அட்டையில் மாதிரிக் கையெழுத்துப் போட வேண்டும். ஓர் அட்டை என் புத்தகத்துக்கு. மற்ற மூன்றும் காவேரிப்பட்டணம் ஆலை, ஓசூர் கிடங்கு, அரூர் பழ டிப்போ ஆகிய மூன்று கேட்டுக்கு. கேட்டில் இருப்பவர் சீட்டையும் அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். பொருந்தினால் லாரி நகரும். இல்லாவிட்டால் முதலாளியே வந்து நின்றாலும் நகராது. எவனோ ஒருத்தன் போலிக் கையெழுத்தில் ஒரு லாரி மாங்கூழ் டின்னை ஓட்டிக்கொண்டு போன பிறகு வந்த விதி இது. அன்றிலிருந்து புத்தகம் என் பொறுப்பு.

"அப்ப நீங்க நம்பலாம்னு சொன்னாத்தான் நம்புவாங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

மறக்காமல் எழுத வேண்டும். இன்று காலை வீட்டில் அவர் காபி டம்ளரைக் கையில் எடுக்கவில்லை. மேஜை மேலேயே வைத்து, குனிந்து, வாயைக் கொண்டுபோய்க் குடித்தார். நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

மார்ச் 31, செவ்வாய்

சாயங்காலம் ரேஷன் பையைத் தேடியபோது உள்ளே பழைய தினசரிக் காலண்டர் தாள்கள். நாற்பது, ஐம்பது இருக்கும். பின்பக்கம் முழுக்க அவர் கையெழுத்து. சவரிமுத்து, சவரிமுத்து, சவரிமுத்து.

அந்தக் கையெழுத்தைப் பார்த்துத்தான் நான் கல்யாணத்துக்குச் சரி சொன்னேன் என்று அக்கா இன்னமும் கேலி செய்வாள். கடைசி எழுத்தின் வாலை இழுத்துப் பெயர் முழுவதுக்கும் அடியில் ஓட்டி, முடிவில் ஒரு புள்ளி வைப்பார். கை எடுக்கவே மாட்டார். இந்தத் தாள்களில் அந்தக் கோடு ரம்பப் பல்லாக இருக்கிறது. புள்ளி எங்கேயோ போய் விழுந்திருக்கிறது.

"ஏங்க, இது எத்தனை நாளா?"

"பொங்கலுக்கு அப்பறந்தான் ஜாஸ்தி."

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நின்னுருமா மேரி?"

அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "நாளைக்கு மேனேஜர் ரூம்ல பதினெட்டு பேரு சுத்தி நிப்பாங்க. போன வருசம் என்னா சொன்னாங்க, சவரி கையெழுத்தச் சட்டம் போட்டு மாட்டலாம்னாங்க. அதே வாயி நாளைக்கு என்னா சொல்லும்?"

அட்டை நாள் வழக்கம் அப்படி. வரிசையாக நின்று, ஒருத்தர் கையெழுத்தை மற்றவர்கள் எட்டிப் பார்த்து, கேலி பேசி, லட்டு தின்று. டெஸ்பாட்ச் ஆபீசர் என்று அவரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். நாலு அட்டை, அட்டைக்கு மூன்று. பன்னிரண்டு முறை.

"நாளைக்கு லீவு போட்டுருங்க. மிச்சத்த நான் பாத்துக்கறன்" என்றேன். அவர் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன்.

ஏப்ரல் 1, புதன்

அட்டை நாள் முடிந்தது. பதினெட்டுப் பேர். லட்டு பரவாயில்லை.

லீவில் இருப்பவருக்கு விதியில் ஒரு வழி உண்டு. கையெழுத்தில் மாற்றமில்லை என்று புத்தகப் பொறுப்பாளர் சொன்னால் பழைய அட்டையையே இன்னும் ஒரு வருஷத்துக்கு நீட்டிக்கலாம். அதற்கு ஒரு ரப்பர் ஸ்டாம்ப்: 'மாற்றமில்லை. காலம் நீட்டிக்கப்பட்டது.' ஆறு வருஷத்தில் இரண்டு தரம் எடுத்திருப்பேன். மை காய்ந்து கிடந்தது. வாயால் ஊதி ஈரமாக்கி, போன வருஷ அட்டைகள் நாலிலும் குத்தினேன். அழகான அந்தக் கையெழுத்துக்குப் பக்கத்திலேயே.

மே. (மேனேஜர் என்று முழுக்க எழுதக் கை வலிக்கிறது) நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சவரி எங்க? உடம்பு சரியில்லயா?" என்றபடியே கையெழுத்துப் போட்டார்.

மூன்று உறைக்கும் அரக்கு வைத்தாயிற்று. விரலில் சுட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்து "முடிஞ்சுதுங்க" என்று சொன்னதும் அவர் முகம் தெளிந்தது. இரண்டு கவளம் கூடவே சாப்பிட்டார். பொய் ஒன்றும் பெரிதாகச் சொல்லிவிடவில்லையே. அவர் அதே ஆள்தானே.

ஏப்ரல் 10, வெள்ளி

நேற்று பெங்களூர். பஸ்ஸில் ஓசூர் தாண்டும்வரை நின்றுகொண்டே. டாக்டர் அவரை நடக்கச் சொன்னார், சட்டைப் பொத்தானைப் போடச் சொன்னார், ஒரு தாளைக் கொடுத்து எழுதச் சொன்னார். எழுத்து போகப் போகச் சின்னதாகி எறும்பாகிவிட்டது. வலது கைதான். இடது கை இப்போதைக்குச் சரியாக இருக்கிறதாம்.

நோய்க்கு டாக்டர் ஒரு இங்கிலீஷ் பெயர் சொன்னார். அவருக்கு வாயில் நுழையவில்லை, எனக்கு நுழைந்தது. "மாத்திரை போட்டால் குறையும். போகாது" என்றார் பாதித் தமிழ், பாதிக் கன்னடத்தில்.

திரும்பும்போது அவர் ஜன்னல் பக்கம். கிருஷ்ணகிரி தாண்டியது. பிறகு, "ஊர்ல தம்பிகிட்ட சொல்லாத" என்றார். அவ்வளவுதான்.

மாத்திரை: காலை 1, மதியம் ½, இரவு 1. வயிறு காலியாக இருக்கக் கூடாது.

ஏப்ரல் 12, குருத்து ஞாயிறு

கோயிலில் எல்லார் கையிலும் குருத்தோலை. அவர் ஓலை மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. பின் பெஞ்சில் ஒருத்தி, "சார் என்னா இப்பிடி ஆட்டறாரு, ஓசன்னா பாட்டே முடிஞ்சு போச்சே" என்று சிரித்தாள். அவளுக்கு என்ன தெரியும். திரும்பி ஒரு முறை முறைத்தேன். கோயில் என்று பார்த்தேன், இல்லாவிட்டால் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பாள்.

ஏப்ரல் 29, புதன்

ஸ்டெல்லாவின் பிராக்ரஸ் ரிப்போர்ட். ஐந்தாவது பாஸ். அப்பா கையெழுத்து என்ற இடத்தில் அவர் நீயே போடு என்று சொல்லிவிட்டார். குழந்தை, "அம்மா போட்டா டீச்சர் கேப்பாங்கப்பா" என்றாள். "அப்பா வேலையா இருக்காருன்னு சொல்லு" என்றார். காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். என்ன வேலை.

மதியம் காவேரிப்பட்டணம் கேட்டிலிருந்து ராமசாமி போன் செய்தார். அங்கேயே முப்பது வருஷமாக இருப்பவர். "மேரியம்மா, சவரி சார் சீட்டு வந்துருக்குது. கையெழுத்து ஒரு மாதிரியா கீதே. அவருதானுங்களா?"

"அவருதாங்க. அவசரத்துல போட்டாரு."

"நீங்க சொன்னா சரிங்க" என்று வைத்துவிட்டார். போனை வைத்த பிறகும் காது சூடாகவே இருந்தது.

மே 3, ஞாயிறு

இன்று கேட்டுவிட்டேன். புது அட்டை போட்டுக்கொள்ளலாம் என்று. வருஷத்தின் நடுவிலும் போடலாம், காரணம் எழுதிக் கொடுத்தால் போதும். ராமசாமி போன் செய்ததிலிருந்து மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

"நடுங்கற கையெழுத்தாவே இருக்கட்டுங்க. அதையே அட்டைல போட்டுருவோம். அட்டைல எப்பிடி இருக்குதோ அப்பிடி சீட்டுல இருந்தா போதும். அழகா இருக்கணும்னு எந்த விதியும் இல்ல."

தட்டை நகர்த்தினார். சோறு கொட்டியது. "என் நடுக்கத்துக்கு நீ சீலு வெச்சு மூணு கேட்டுக்கு அனுப்பப் போறியா?"

பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவை சத்தம் போட்டார். ஸ்டெல்லா அழுதாள். நான் சோற்றை அள்ளினேன். சரி, விட்டுவிடுவோம், சீசன் முடியட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீட்டில் நான் அவர் பெண்டாட்டி. ஆபீசில் புத்தகம் என் கையில். இரண்டும் நான்தான் என்பதுதான் கஷ்டம்.

மே 26, செவ்வாய்

சீசன். ஊர் முழுக்க மாம்பழ வாசனை, ஈ. சேலையில்கூட வாசனை. மாத்திரைக்குக் கேட்கிறது. காலையில் போடும் கையெழுத்து கிட்டத்தட்ட பழைய மாதிரி இருக்கிறது. சாயங்காலம் ஆக ஆகத்தான் மோசம். முக்கியமான சீட்டெல்லாம் பதினோரு மணிக்குள் போட்டுவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

அரூர் டிப்போ கிளார்க் ரிடையர். சேலத்திலிருந்து மாணிக்கம் என்று புது ஆள் வருகிறாராம்.

பால் கார்டு புதுப்பிக்க வேண்டும்.

ஜூன் 8, திங்கள்

என்ன செய்து வைத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அரூர் டிப்போவுக்கு இரண்டு லாரி சீட்டு. பழம் கனிந்து நிற்கிறது, உடனே எடுக்க வேண்டும் என்று போன் வந்ததால் ஆறு மணிக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். மாத்திரையின் வேகம் தீர்ந்திருக்கும் நேரம். சனிக்கிழமை மதியம் லாரி ஏற்றி கேட்டுக்கு வந்தால், அந்த மாணிக்கம் சீட்டை வாங்கி அட்டையோடு வைத்துப் பார்த்திருக்கிறார். பொருந்தவில்லை. நிறுத்திவிட்டார். தருமபுரிக்கு, நம் ஆபீசுக்கு ட்ரங்க் கால் போட்டிருக்கிறார். லைன் கிடைத்தபோது ஆபீஸ் பூட்டியிருந்தது. ஞாயிறு முழுக்கத் தார்ப்பாய்க்கு அடியில் பழம். வெளியே அந்த வெயில்.

இன்று காலை திறந்தால் அடி வரிசை எல்லாம் கூழ். ஆலையில் இறக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

அவர் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். பக்கத்தில் முனியம்மா இருந்தாள். நின்றுவிட்டுப் போய்விட்டார்.

ஜூன் 9, செவ்வாய்

மே. ரூமில் விசாரணை. மே., மாணிக்கம், அவர், நான். மேஜை மேல் மூன்று தாள்: அரூர்ச் சீட்டு, அரூர் அட்டை, என் புத்தகத்து அட்டை.

மாணிக்கம் சின்ன வயசுதான். பயந்திருந்தார். "நான் அவரப் பாத்ததில்லீங்க சார். எனக்கு அட்டதான் தெரியும். அட்டல இருக்கற மாதிரி இல்லீங்க. உட்டுருந்தா என்னயத்தான கேப்பீங்க?" நியாயம். நான் அந்த இடத்தில் இருந்தாலும் நிறுத்தியிருப்பேன். இந்தப் புத்தகம் இருப்பதே அதற்குத்தான்.

மே. அவரை ஒரு தாளில் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டார். சீட்டில் உள்ளதும் அதுவும் ஒன்றேதான். அப்படியே ரம்பம். யாருக்கும் சந்தேகமில்லை. அட்டைதான் தப்பு.

ஏப்ரலில் அவருடைய நடுக்கத்தையே நாலு அட்டையில் வாங்கியிருந்தால் லாரி போயிருக்கும். அவ்வளவுதான் விஷயம். அந்த நடுக்கமே அவர் கையெழுத்தாக ஆகியிருக்கும், எந்தக் கேட்டிலும் ராஜா மாதிரி செல்லுபடியாகியிருக்கும். மானம் காப்பாற்றுகிறேன் என்று நான்தான் அவருடைய கையெழுத்தையே போலியாக ஆக்கி வைத்தேன்.

"மாற்றமில்லைன்னு நீட்டிச்சது யாரு?" என்றார் மே.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர்: "அவங்களுக்குத் தெரியாதுங்க சார். கை நல்லா இருக்குதுன்னு நான்தான் சொன்னன். அத நம்பி ஸ்டாம்ப் போட்டாங்க."

ஆபீசில் என்னை அவங்க என்றுதான் சொல்வார். மே. என்னைப் பார்த்தார். நான் மேஜை மேல் இருந்த அட்டையைப் பார்த்தேன். ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே சொன்னார். "ரெண்டு பேரும் போனா வூடு என்னாவறது? நான் எப்பிடியும் போற ஆளு. நீ கம்முனு இரு." கம்மென்று இருந்தேன். அதில் மட்டும் நான் கெட்டிக்காரி.

ஜூன் 11, வியாழன்

தீர்த்தமலை அடிவாரத்துக் காளியப்பன் வந்தார். அந்த இரண்டு லாரியும் அவர் தோட்டத்துப் பழம். ஆலையில் எடை போடும்வரை பழம் விவசாயியுடையது என்பது கம்பெனி வழக்கம். அதனால் அழுகியதும் அவருடையதே.

சண்டை போடுவார் என்று நினைத்தேன். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"நல்ல பழமுங்க மேடம். ஒரு பழத்துலகூட அடி இல்லீங்க, ஒவ்வொண்ணா வலைக்கூடைல பறிச்சது. என்னா பண்றது, என் நேரம். யாரைச் சொல்லிக் குத்தம்?"

என்னைத்தான் ஐயா, என்னைச் சொல்லுங்கள். மனசுக்குள் சொன்னேன். வெளியே முனியம்மாவிடம் அவருக்கு மோர் கொடுக்கச் சொன்னேன். குடித்துவிட்டு, "நல்லா இருங்க" என்றார். அதைக் கேட்கும்படி ஆயிற்று.

ஜூன் 15, திங்கள்

மே. தனியாகக் கூப்பிட்டு அவரிடம் சொல்லிவிட்டார். கையெழுத்துப் போட முடியாத டெஸ்பாட்ச் ஆபீசர் எதற்கு என்று மெட்ராஸ் ஹெட் ஆபீசில் கேட்கிறார்களாம். நீக்கினால் பெயர் கெடும், தானாக ராஜினாமா கொடுத்தால் மரியாதையாகப் போகலாம்.

கடிதத்தை நான் டைப் அடித்தேன். மற்ற கடிதங்களை அடிப்பது போலத்தான். 'உடல்நிலை காரணமாக.' காலை ஒன்பதரைக்கு, மாத்திரை வேகத்தில் இருக்கும்போது, அவர் கையெழுத்துப் போட்டார். மூச்சைப் பிடித்துக்கொண்டு. கடைசிக் கோடு மட்டும் இரண்டு இடத்தில் உடைந்தது. "நல்லா இருக்குதில்ல?" என்று கேட்டார்.

நல்லா இருக்குதுங்க.

ஜூன் 22, திங்கள்

கடிதம் ஹெட் ஆபீசிலிருந்து திரும்பி வந்துவிட்டது. விசாரணைத் தாள்களோடு அங்கே போன அரூர் அட்டையோடு ஒப்பிட்டு, ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்கள். 'கையெழுத்து மாதிரி அட்டையுடன் பொருந்தவில்லை. ஏற்க இயலாது.'

மே.யிடம் ஓடினேன். புது அட்டை ஒன்று போட்டுவிடலாம் சார், இரண்டு நிமிஷ வேலை என்றேன். "போகிற ஆளுக்குப் புது அட்டை கிடையாதும்மா. விதி" என்றார். விதிப் புத்தகத்தை நான்தான் அவருக்கு எடுத்துக் கொடுத்தேன். பக்கம்கூட எனக்குத் தெரியும். கையெழுத்து பொருந்தாத இடத்தில் இடது கைப் பெருவிரல் ரேகை. புத்தகப் பொறுப்பாளர் சாட்சி.

கைநாட்டு. அவருக்கு.

வீட்டில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கீரை ஆய்ந்தேன், பாத்திரம் தேய்த்தேன், தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தேன். அவராகவே கேட்டார். சொன்னேன். "எங்கப்பாகூட கையெழுத்துப் போட்டவரு மேரி" என்றார். பிறகு தோட்டத்துக் கதவைச் சாத்திவிட்டு அழுதார். உள்ளே போக எனக்குத் தைரியம் வரவில்லை. இந்தப் பக்கம் நின்று நானும் அழுதேன்.

ஜூன் 24, புதன்

மேகமூட்டம். மழை இல்லை.

சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். பொத்தான் நான் போட்டுவிட்டேன். பதினோரு மணிக்கு மே. ரூம். முனியம்மா மை ஒத்தும் டப்பாவைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமல் வெளியே போனாள். மே. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வலது கை மடியில் ஆடிக்கொண்டிருந்தது. அவர் இடது கையை நீட்டினார். ஆடவே இல்லை. விரலைப் பிடித்து மையில் உருட்டித் தாளில் வைத்தேன். ஒரு கோடுகூடச் சிதறாமல் விழுந்தது. அதன் கீழே எழுதினேன்: 'இந்த ரேகை திரு. சவரிமுத்து அவர்களுடையது. அவரை நான் நேரில் அறிவேன்.'

"முடிஞ்சுதுங்களா மேடம்?" என்றார். ஆபீஸ் என்பதால் மேடம். எழுந்து, மே.க்கு வணக்கம் சொல்லி, கட்டை விரலை மட்டும் தனியாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே போனார்.

கதவு சாத்தியதும் சொல்லிவிட்டேன். "சார், அவரு சொன்னது பொய். லீவு போடச் சொன்னது நான்தான். கை நடுங்குதுன்னு தெரிஞ்சேதான் மாற்றமில்லைன்னு ஸ்டாம்ப் போட்டேன்."

மே. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தெரியும்மா. அன்னிக்கே தெரியும். ஒரே வீட்ல இருக்கறவங்களுக்குத் தெரியாம இருக்குமா? அவர் சொன்னார், நான் எழுதிக்கிட்டேன். போய் வேலையப் பாருங்க."

போய் வேலையைப் பார்த்தேன். இரகசியச் சுற்றறிக்கை என்பதால் நானே அடிக்க வேண்டும். கார்பன் வைத்து, காவேரிப்பட்டணம், ஓசூர், அரூர், மூன்று படி. 'திரு. சவரிமுத்து அவர்களின் கையெழுத்து இன்று முதல் செல்லாது. எந்தச் சீட்டில் கண்டாலும் நிறுத்தி வைக்கவும்.' கீழே புத்தகப் பொறுப்பாளர் என்ற இடத்தில் மூன்று முறை என் கையெழுத்து. என் மாதிரி அட்டையோடு வைத்துப் பார்த்தேன். மூன்றும் பொருந்துகிறது.